ஒட்டகத்தின் தாடையில் வருவது கட்டியா, கழலையா?

வணக்கம். கால்நடை நோயியல் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒட்டகத் தாடையில் வரும் டியூமருக்கு என்ன சொல் போடலாம்? இப்போதைக்கு ‘தாடைக்கட்டி’ என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
– க.

கழலை இருக்கக் கட்டி எதற்கு? கழல்தல் என்றால் நழுவுதல். தோலுக்கடியில் விரல் பட்டதும் நழுவுவதால் கழலை. ‘தாடை’ வடசொல்லோ என்ற ஐயமும் உண்டு, ‘அலகு’ என்றே ஆளலாம்: அலகுக்கழலை. ஒட்டகம் நமக்குப் புதிதா என்ன? அதன் பெண்ணைப் பெட்டை என்று சொல்லலாம் எனத் தொல்காப்பியத்தின் மரபியலிலேயே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை, அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணவிறகுக்குத் தூங்கும் ஒட்டகத்தை உவமை சொல்கிறது.
– பு.

ஐயா, அலகு என்றால் என் மாணவர்களுக்குக் கோழிதான் நினைவுக்கு வரும். பிகானேரில் பயிற்சிக்குப் போயிருந்தபோது இப்படி ஓர் ஒட்டகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். முன்னங்காலை மடக்கிக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். கீழ்த்தாடை வீக்கம் கல் மாதிரி, எலும்போடு எலும்பாக இருந்தது. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. நழுவாததை எப்படிக் கழலை என்பது?

வெறும் ‘கட்டி’யும் ஆபத்து. பல்வேரில் சீழ் பிடித்தாலும் தாடை வீங்கும். குளிர்கால மதப்பருவத்தில் ஆண் ஒட்டகங்கள் கடித்துச் சண்டையிட்டு, முறிந்த எலும்பு கோணலாகக் கூடினாலும் வீங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றால், எக்ஸ்ரேயும் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டிய இடத்தில் சீழ் என்று நினைத்துக் கீறிவிடுவார்கள். ‘புற்று’ம் வேண்டாம். பற்சிப்பியை (எனாமலை) உண்டாக்கும் செல்களின் வழியில் வரும் அமெலோபிளாஸ்டோமா என்ற டியூமர் தாடையை அரித்துக்கொண்டே போகும், ஆனால் பெரும்பாலும் மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. சீழ்க்கட்டிக்கு எதிராகத் ‘திசுக்கட்டி’ என்று வையுங்கள்.
– ந.

திசு என்பது டிஷ்யூவின் ஒலிபெயர்ப்பு அல்லவா! ஈழத்துப் பாடநூல்களில் ‘இழையம்’ எத்தனை அழகாக நிற்கிறது. இழையக்கட்டி என்க.
– பு.

இழையம் நல்ல சொல்தான். ஆனால் இங்கே பள்ளியிலிருந்தே திசு என்று படித்து வருகிறார்கள். திசுக்கட்டிக்கு என் ஆதரவு.
– வே.

சரி, நேரமில்லை. ‘தாடைத் திசுக்கட்டி’ என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் இழையக்கட்டி என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.
– க.

முதல் இடத்தில் மட்டும் போதாது. கலைச்சொல் பட்டியலிலும் வர வேண்டும்.
– பு.