ஏஐ பதில்களில் பிராண்டு பெயர் வர என்ன செய்யணும்?

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருள் பற்றி ஆன்லைன் குழுக்களில் போடும் பதிவுகளில் பாதி நீக்கப்படுகின்றன. சாட்ஜிபிடியிலும் பெயர் வரவில்லை. எங்கே தப்பு?

பதில் 1: லிங்க் இருந்ததா? புதுக் கணக்கிலிருந்து லிங்க் வந்தால் பல குழுக்களில் தானியங்கி வடிகட்டியே தூக்கிவிடும். முதல் சில வாரம் லிங்கே வேண்டாம், முழுப் பதில் மட்டும் எழுதுங்கள். "எங்கள் மென்பொருளைப் பாருங்கள்" என்பதில் ஏஐ எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. "பழைய இன்வாய்ஸ்களை சிஎஸ்வியில் ஏற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறும், தேதியை ஆண்டு-மாதம்-நாள் என மாற்றிவிட்டு ஏற்றுங்கள்" என்று எழுதினால் அந்த வரியை அப்படியே எடுக்க முடியும். நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 2: போலிக் கணக்கு வைத்துப் புகழ வேண்டாம், தயவுசெய்து. மாட்டினால் அந்த அம்பலப் பதிவுதான் தேடலில் நிற்கும், ஏஐயும் அதையே படிக்கும். ரெடிட் என்ற விவாதத் தளம் 2024-ல் கூகுள், ஓபன்ஏஐ (சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனம்) இரண்டோடும் தரவு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அதாவது அங்கே எழுதுவது ஏஐக்கும் போகும்.

பதில் 3: உங்கள் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பையும் (எந்த பாட் உள்ளே வரலாம் என்று சொல்லும் robots.txt) பாருங்கள். சாட்ஜிபிடி தேடலுக்கு அதன் பக்கம் படிக்கும் பாட் ஓஏஐ-சர்ச்பாட் (OAI-SearchBot) உள்ளே வரணும். ஜிபிடிபாட் (GPTBot) வேறு, அது ஏஐ மாடலின் பயிற்சிக்கு. வாடிக்கையாளர்கள் கேட்கும் 20 கேள்விகளை மாதம் ஒருமுறை புது சாட்டில் கேட்டு, எந்தப் பக்கங்களை மேற்கோள் காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.