வாராந்தர ரிஃப்ளெக்டிவ் குறிப்பில் பாடத்தையும் அனுபவத்தையும் எப்படிச் சேர்ப்பது?

கேட்டவர்: பி.எட். முதலாண்டு
பாடத்தை அனுபவத்தோடு சேர்த்து அலசும் ரிஃப்ளெக்டிவ் குறிப்பு வாரம் ஒன்று, 400 சொல்லுக்குள். இந்த வாரப் பாடம் உளவியலாளர் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலமும், சாரக்கட்டும் (கற்பவருக்குத் தேவைப்படும் வரை மட்டும் தந்து, பிறகு விலக்கிக்கொள்ளும் உதவி). போன வாரக் குறிப்பு ‘வெறும் பாடச் சுருக்கம்’ என்று திரும்பிவிட்டது. பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் இன்டர்ன்ஷிப் இன்னும் தொடங்கவில்லை. எதோடு இணைப்பது?

சாக்பீஸ்
பள்ளிதான் வேண்டும் என்றில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் எந்த இடமும் இந்தப் பாடத்துக்குப் பொருந்தும். அம்மாவுக்கு ஜிபே பழக்குவதையே எடுங்கள். க்யூஆர் ஸ்கேன் செய்வார், தொகையும் தட்டுவார். பின் நம்பர் கேட்டதும் தயங்கி போனை உங்களிடம் நீட்டுவார். தனியாக முடிவதற்கும், பக்கத்தில் ஆள் இருந்தால் முடிவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் மண்டலம். போனை வாங்கி நீங்களே முடித்துக் கொடுத்தால் அது சாரக்கட்டு ஆகாது. “மேலே யார் பேர் வந்திருக்கு, படிங்க” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் சாரக்கட்டு. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அந்தக் கேள்வியையும் விட்டுவிட வேண்டும். எப்போது விட்டீர்கள், விட்டதும் என்ன ஆனது என்ற இடத்தில்தான் குறிப்புக்கு உயிர் வரும்.

நடந்ததை 80 சொல்லில் முடித்து, ஏன் அப்படி நடந்தது என்பதற்கு 200 கொடுங்கள். பெரும்பாலும் இது தலைகீழாகப் போவதால்தான் குறிப்பு திரும்பி வருகிறது.

ஒரு எச்சரிக்கை: சாரக்கட்டு என்ற சொல்லை வைகாட்ஸ்கி தலையில் கட்டாதீர்கள். அவர் 1934-இல் இறந்துவிட்டார். இந்தப் பொருளில் அந்தச் சொல்லைப் பரப்பியது உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரை.

எண்சுவடி
இன்டர்ன்ஷிப் வந்தபின் பாடம் முழுவதையும் எழுதாமல், ஒரே ஒரு தவறான விடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் 1/3-ஐவிட 1/4 பெரிது என்று ஒரு பிள்ளை சொல்கிறது. ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அலசல் அங்கேயே செத்துவிடும். 3-ஐவிட 4 பெரிது என்ற முழு எண் பழக்கம் பின்னத்துக்குள் நுழைந்துவிட்டது, அதுதான் காரணம்.

அடுத்த வாரத் திட்டமும் அளந்து சொல்வதாக இருக்கட்டும். ‘இன்னும் நன்றாக விளக்குவேன்’ என்பது திட்டமே இல்லை. ‘12 செ.மீ. காகிதப் பட்டை இரண்டு. ஒன்றில் 4 செ.மீ.க்கு ஒரு கோடு, மற்றதில் 3 செ.மீ.க்கு ஒரு கோடு. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்வேன்’ என்றால் செய்தோமா இல்லையா என்று சோதிக்கலாம். மூன்றாக மடிக்கச் சொல்லாதீர்கள், சமமாக வராது. பட்டைகளின் நீளம் மாறினாலும் ஒப்பீடு குலைந்துவிடும்.

மைக்கூடு
அனுபவத்தை அலசி எழுத கிப்ஸ் 1988-இல் தந்த சுழற்சியில் ஆறு தலைப்பு உண்டு, உணர்வும் அதில் ஒன்று. 400 சொல்லில் ஆறையும் சமமாக நிரப்பினால் எதுவும் ஆழமாக வராது. உணர்வுக்கு இரண்டு வரி போதும். வகுப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள், பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே சின்ன நோட்டில் குறித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்தால் அந்த வாக்கியம் நினைவில் இருக்காது, பொதுவான பேச்சுதான் வரும்.

கேட்டவர்
நன்றி. பிள்ளையின் பெயரைப் போடலாமா?

மைக்கூடு
வேண்டாம். ‘மாணவர் அ, ஆறாம் வகுப்பு’ போதும். விடைத்தாள் படம் ஒட்டினால் பெயர், பதிவெண் இரண்டையும் மறைத்துவிடுங்கள்.