பினாங்குக்குப் புதுசா? காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒரு டாக்டரைப் பிடித்து வையுங்கள்

சென்னை, கோவைப் பக்கத்திலிருந்து மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை வீடு. அப்புறம் நம்ம ஊர் மளிகை எங்கே கிடைக்கும், அப்புறம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். டாக்டரைப் பற்றி முதல் மாதத்தில் யாரும் கேட்பதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு 39 டிகிரி அடிக்கும்போதுதான் வாட்ஸாப்பில் அந்தக் கேள்வி வருகிறது. நான் இந்தத் தீவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் நாலு வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். போன வாரம் மட்டும் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால், எல்லாவற்றையும் ஒரே இழையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை. கம்பெனி கொடுத்த பேனல் பட்டியலில், அதாவது கம்பெனியே செலவை ஏற்கும் கிளினிக்குகளின் பட்டியலில், முப்பது கிளினிக்காவது இருக்கும். எது திறந்திருக்கிறதோ, எங்கே பார்க்கிங் கிடைக்கிறதோ அங்கே போவேன். கவுன்டரில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பேனலா, கேஷா?" என்பார்கள். பேனல் என்றால் பாஸ்போர்ட்டையும் கம்பெனி அட்டையையும் வாங்கிக்கொள்வார்கள். கால் மணி நேரத்தில் மருந்துப் பொட்டலமும் ஒரு எம்சியும் (நோய் விடுப்புச் சான்றிதழ்) கைக்கு வந்துவிடும். நாலு வருஷத்தில் இப்படி ஐந்து கிளினிக். ஐந்து இடத்திலும் பிரஷர் பார்த்தார்கள். 138, 142, 140 என்று வரும். "காய்ச்சல்ல கொஞ்சம் ஏறும்" என்பார் ஒருவர். "டென்ஷனா இருக்கீங்களா?" என்பார் இன்னொருவர். அன்றன்றைக்கு அவர்கள் சொன்னது சரிதான். ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆறாவதாகப் போனது பழைய கடைவரிசையில் ஒரு சின்ன கிளினிக். அறுபதைத் தாண்டிய தமிழ் டாக்டர். இருமலுக்குத்தான் போனேன். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே, "அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கா?" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. சர்க்கரை வியாதிக்கு இங்கே நம்மவர்கள் சொல்லும் பெயர் அது. மலாயிலும் 'கென்சிங் மானிஸ்' என்றுதான் சொல்கிறார்கள், அதே பொருள்தான். "அப்பாவுக்கு இருக்கு டாக்டர், அம்மாவுக்கும்" என்றேன். "நீங்க எப்ப கடைசியா பார்த்தீங்க?" முந்தின வருஷம் ஊரில் எடுத்த ரிப்போர்ட் ஃபோனில் கிடந்தது. எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 6.4. அந்த லேப்காரர்கள் அச்சிட்டிருந்த அட்டவணைப்படி அது இன்னும் எல்லைக்கோடுதான். நானும் நிம்மதியாக ஃபோனை மூடி வைத்திருந்தேன்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அங்க 6.5 ஆனாத்தான். இந்த நாட்டு வழிகாட்டியில 6.3 ஆனாலே இனிப்பு நீர்னு எழுதுவோம் தம்பி. இன்னொரு தடவை இங்க எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." இரண்டாவது தடவை 6.6 வந்தது. இருமலுக்கு அவர் கொடுத்த மருந்து என்ன என்பது இப்போது நினைவில் இல்லை.

இதை யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்திய வம்சாவளியினரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதனால்தான் இங்குள்ள டாக்டர்கள் நம் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். உடல் பருமனிலும் நமக்குத் தனிக் கணக்கு. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சட்டையை இழுத்துவிட்டு மறைக்கிற அந்தச் சின்னத் தொப்பையும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

ரிப்போர்ட் வாசிப்பதில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. இங்கே ரத்தச் சர்க்கரையை மில்லிமோலில் எழுதுவார்கள். வெறும் வயிற்றில் 7.0 என்று பார்த்துவிட்டு, "ஏழுதானா, ரொம்பக் கம்மியா இருக்கே" என்று பதறிய நண்பர் ஒருவர் உண்டு. 18-ஆல் பெருக்குங்கள், ஊர்க் கணக்கு வந்துவிடும். 7.0 என்றால் 126, அதாவது நோய் என்று சொல்லும் கோடு. கொலஸ்ட்ராலுக்கு 18 இல்லை, கிட்டத்தட்ட 39-ஆல் பெருக்க வேண்டும்.

சரி, டாக்டரை எப்படிப் பிடிப்பது? 'கிளினிக்' என்று பலகை இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. 'கிளினிக் கெசிஹாத்தான்' என்றிருந்தால் அரசாங்கத்துடையது. குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான், வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. 40 வயது தாண்டியவர்களுக்கான பெக்கா பி40 போன்ற இலவசப் பரிசோதனைத் திட்டங்களும் குடிமக்களுக்குத்தான். ஆகவே நமக்கு வாய்த்தது கடைவரிசையில் இருக்கும் தனியார் கிளினிக். அதில் குறை ஒன்றும் இல்லை. என் அனுபவத்தில் நல்ல குடும்ப டாக்டர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். ஒரே இடத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து, பாட்டிக்கும் பேரனுக்கும் மருந்து கொடுத்தவர்கள் உண்டு.

பேனல் பட்டியலிலேயே தேடுங்கள், காசு மிச்சம். ஆனால் கிளினிக்கை மட்டும் பார்க்காமல், அங்கே தினமும் அதே டாக்டர் உட்காருகிறாரா என்று கேளுங்கள். சில இடங்களில் வாரத்துக்கு ஒரு புது முகம் வரும், எம்சிக்கு அது போதும், வேறு எதற்கும் உதவாது. டாக்டரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்க்கலாம். அந்த வருஷத்துக்கான தொழில் சான்றிதழ் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

முதல் தடவை உடம்பு நன்றாக இருக்கும்போதே போங்கள். இதற்குப் பேனல் காசு தராமல் போகலாம், பல கம்பெனிகளின் பேனல் நோய்க்கு மட்டும்தான். கைக்காசு போனாலும் போங்கள். ஊர் ரிப்போர்ட்டுகள், அப்பா அம்மாவுக்கு என்ன வியாதி எந்த வயதில் வந்தது, என்ன தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்கே சந்தோஷம். நான் போன அன்று கிளினிக் காலியாக இருந்தது. அரை மணி நேரம் பேசினார். எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், நைட் ஷிஃப்டில் என்ன சாப்பிடுகிறேன், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தே தாரிக்குக்கு (இங்குள்ள பால் டீ) வந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?" நாலு என்றேன். "குராங் மானிஸ்" என்று கேட்டு வாங்குகிறேன் என்று பெருமையாகவும் சொன்னேன். சிரித்துவிட்டார். இனிப்பைக் குறைக்கச் சொன்னாலும் அதில் விழுவது கெட்டிப் பால்தானே. அன்றிலிருந்து மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) என் ஆர்டர் "தே ஓ கோசோங்", பாலும் இல்லை சீனியும் இல்லை. முதல் மாதம் கஷாயம் குடிப்பது போலத்தான் இருந்தது. நாசி கண்டாரை (சோறும் பலவகைக் குழம்பும்) அவர் தடுக்கவில்லை. எல்லாக் குழம்பையும் ஊற்றி வெள்ளக்காடாக்கி வாங்குகிறோமே, அதை மட்டும் விடச் சொன்னார். நடக்க இடம் கேட்டதற்கு, "தண்ணீர்மலை முருகன் கோவில்ல 513 படி சும்மா கிடக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறுகிறேன். முருகன் கணக்கில் பாதி, எச்பிஏ1சி கணக்கில் பாதி.

தனியார் மருத்துவமனைகள் விற்கும் பரிசோதனைப் பேக்கேஜ் பற்றி என் கருத்து: குடும்ப டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பினாங்கில் அவற்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத 32 வயதுக்காரருக்குப் புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனைகள் எதற்கு? சும்மா ஒன்று கொஞ்சம் கூடுதலாக வந்து, ஸ்கேன், மறு ஸ்கேன் என்று இரண்டு மாதம் தூக்கம் கெட்ட வீட்டை எனக்குத் தெரியும். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், பெண்களுக்கு 30 வயதிலிருந்து கருப்பை வாய்ப் பரிசோதனை, அப்புறம் வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்து டாக்டர் சொல்வது. இதுவே போதும். ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை கண் விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வொர்க் பெர்மிட்டில் வந்த தம்பிகளுக்கு: ஃபோமேமாவில் (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனை) பாஸ் என்றால் வேலைக்குத் தகுதி என்றுதான் அர்த்தம். உடம்பில் ஒன்றுமே இல்லை என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழே கேட்டவர்களுக்குப் பதில்கள்:

குழந்தையின் தடுப்பூசி பற்றிக் கேட்ட சகோதரிக்கு. ஊர் அட்டவணையும் இங்குள்ளதும் வேறு. அங்கே 6, 10, 14 வாரங்களில் போடுவதை இங்கே 2, 3, 5 மாதங்களில் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசியாகப் போட்டு, 18-ஆம் மாதம் மறுபடி போடுகிறார்கள். எம்எம்ஆர் இங்கே 9 மாதத்திலும் 12 மாதத்திலும். ஊரில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தின் அசலைக் கொண்டு வாருங்கள், விடுபட்டதை டாக்டர் கணக்குப் போட்டுச் சொல்வார். அப்படியே உங்களுக்கும் கேளுங்கள். மலேசியாவில் 1989-லிருந்தே பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி உண்டு. நம் வயதுக்காரர்களில் பலர் அதைப் போட்டதே இல்லை.

ஆன்டிபயாடிக் பார்மசியில் கிடைக்குமா என்று கேட்டவருக்கு. சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், ஊர்ப் பழக்கத்தை விடுங்கள். இங்கே கிளினிக்கிலேயே மருந்தும் கொடுத்துவிடுவார்கள். விலை அதிகம் என்று தோன்றினால் சீட்டு எழுதித் தரச் சொல்லி வெளியே வாங்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பொட்டலத்தில் மலாயில் எழுதியிருக்கும்: 'பிஜி' என்றால் மாத்திரை எண்ணிக்கை, '3 காலி செஹாரி' என்றால் நாளைக்கு மூன்று வேளை, 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பிட்ட பிறகு.

பெற்றோரை மூன்று மாதம் அழைத்து வரும் நண்பருக்கு. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளின் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே பெரும்பாலும் புரியாது. மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன் என்று மூலப்பெயரும் மில்லிகிராமும் போட்டு ஊர் டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள். ஒரே மாத்திரையில் மூன்று மருந்து கலந்திருந்தால் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வந்த முதல் வாரமே உங்கள் டாக்டரிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிடுங்கள். தமிழ் பேசும் டாக்டராக இருந்தால் அம்மா தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், நீங்கள் மொழிபெயர்க்கும்போது விட்டுவிடும் விஷயங்கள் உட்பட.

காய்ச்சலுக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டவருக்கு. இங்கே எந்தக் காய்ச்சலிலும் முதல் சந்தேகம் டிங்கிதான், ஊரில் நாம் டெங்கு என்பது. பனடோல் (பாரசிட்டமால்) மட்டும் போடுங்கள். புரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். இரண்டாம் நாளே போனால் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை கிளினிக்கிலேயே செய்வார்கள். மூன்று நாலு நாளில் காய்ச்சல் இறங்கியதும் தேறிவிட்டது என்று வேலைக்குப் போகாதீர்கள், டிங்கியில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு இருந்தால் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனை. ஆம்புலன்சுக்கு 999. எம்சி பற்றிய கவலை வேண்டாம். முதல் இரண்டு வருஷம் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷம் வரை 18, அதற்கு மேல் 22 நாள் என்று வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, பெயர் போடாமல் எழுதிய தங்கைக்கு. கணவர் ஷிஃப்டுக்குப் போனபின் பன்னிரண்டு மணி நேரம் பன்னிரண்டாவது மாடியில் தனியாக இருப்பதும், தூக்கம் வராததும், காரணமில்லாமல் அழுகை வருவதும் டாக்டரிடம் சொல்லக்கூடிய விஷயங்கள்தான். "உடம்புக்கு ஒன்னுமில்லையே, என்னன்னு போய்ச் சொல்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் ஃபோனில் எழுதிக் காட்டுங்கள். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் லைன், 15555. எங்கள் டாக்டரின் கிளினிக்கில் செவ்வாய், வியாழன் காலையில் கூட்டம் இருக்காது. தனிச்செய்தி அனுப்புங்கள், என் மனைவி உங்களோடு வருவாள்.