கொச்சி யூதர்களுடன் பழகியவர்கள் உண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நானே தொடங்கிவைக்கிறேன்.

1994 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில் கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரிக்குப் போனேன். என்னை இழுத்துப் போனது ஒரு செப்பேடு. கி.பி. 1000 ஆண்டையொட்டி, முயிரிக்கோட்டில் இருந்த சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த பட்டயம் அது. எழுத்து வட்டெழுத்து. வாசகத்தை நம் எழுத்தில் பெயர்த்து எழுதினால், பழந்தமிழ் படித்தவர்களுக்குப் பெரும்பகுதி புரிந்துவிடும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமை, பகல்விளக்கு, நடந்துபோக விரிக்கும் பாவாடை, குடை, காகளம், தோரணம் என்று அடுக்கிக்கொண்டே போய், மொத்தம் எழுபத்திரண்டு ‘வீடுபேறு’ கொடுத்திருக்கிறான். வீடுபேறு என்றால் இங்கே மோட்சம் இல்லை, விட்டுக்கொடுத்த உரிமை. சுங்க வரியான உல்கும், எடைக்கூலியான துலாக்கூலியும் வாங்க வேண்டாம் என்றும் விட்டிருக்கிறான். ‘உறுபொருளும் உல்கு பொருளும்’ என்ற குறளில் ஆண்டுதோறும் நான் பிள்ளைகளுக்குப் பொருள் சொன்ன அதே உல்கு. கடல் தாண்டி வந்த ஒரு குடியின் உரிமைச் சீட்டில் அந்தச் சொல்லைக் கண்ட நாளிலிருந்தே அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை பிற்பகல். பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடம் மூடியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பது தெரியும். அந்த ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறையும்போதே பிறந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏமாற்றத்தோடு எதிர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். தெரு முழுக்க மிளகு, சுக்கு வாசனை.

வெள்ளைச் சட்டை, தலையில் சிறு குல்லாய், கையில் ஊன்றுகோலுடன் ஒரு முதியவர் வந்தார். போகிற வருகிற வெளிநாட்டுப் பயணிகளை நிறுத்தி நிறுத்தி ஏதோ கேட்டார். என்னிடமும் வந்தார். “நீங்கள் யூதரா?” என்றார். இல்லை என்றேன். “பரவாயில்லை. ஒன்பது பேர் இருக்கிறோம்” என்றார்.

வயது வந்த பத்து ஆண்கள் கூடினால்தான் அவர்கள் சபையாகத் தொழ முடியும். அதை மின்யான் என்கிறார்கள். ஒருவர் குறைந்தாலும் தனித்தனியாகத் தொழுதுகொள்ளலாம். ஆனால் பேழையிலிருந்து தங்கள் வேதமான தோராவின் சுருளை எடுத்துச் சபையில் வாசிக்க முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷையும் சொல்ல முடியாது. பட்டயத்தோடு வாழ்ந்த சமூகத்தில் இன்றைய மாலைக்கு ஓர் ஆள் போதவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போய்ப் பத்தாவது ஆளாக நிற்கவும் முடியாது. அந்த மாலையில் நான் பட்ட தவிப்பை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன், முதுகில் பெரிய பையோடு ஓர் இளைஞன் வந்தான். கேட்டார். தலையாட்டினான். முதியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே நடந்தார். ஊன்றுகோலை நான் உட்கார்ந்திருந்த திண்ணையிலேயே மறந்துவிட்டார். வாயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவருக்கு என்னைப் பார்க்கக்கூட நேரமில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல்கள் சேர்ந்து எழுவதைத் தெருவில் நின்று கேட்டேன்.

ஞாயிறன்று உள்ளே போனேன். நம் கோயிலைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கேரளத்து யூதர்களின் வழக்கம் அது. சீனத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த நீல வெள்ளை ஓடுகள் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த வாசிப்பு மேடை. மாடத்தின் மேல் இன்னொரு மேடை. இப்படி இரட்டை மேடை கேரளத்துச் சினகாக்குகளின் தனி அடையாளம். 1568இல் கட்டிய இடம். பக்கத்திலேயே அரண்மனை, அரண்மனையை ஒட்டிப் பகவதி கோயில். செப்பேட்டை அன்று கண்ணால் பார்க்க வாய்க்கவில்லை. அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

உங்களுக்கும் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். சிறிதாக இருந்தாலும் சரி.

சென்னிமலையிலிருந்து, தறிக்காரர்

2018 வெள்ளத்தில் கேரளத்துச் சேந்தமங்கலத்துத் தறிகள் மூழ்கிய செய்தி கேட்டு, எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். குழியில் சேறு நிரம்பிய தறியைப் பார்க்கிற மனவலிமை எனக்கு இல்லை. சற்று நேரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அப்படிப் போனபோது கண்ணில் பட்டதுதான் அங்குள்ள பழைய யூதப் பள்ளி. அந்தப் பக்கத்தில் சினகாக்கையும் பள்ளி என்றே சொல்கிறார்கள்.

முற்றத்தில் ஒரு கல் நிற்கிறது. பார்த்துக்கொள்ளும் பெண்மணி, “இது கல்லறைக் கல். இஸ்ரவேலின் மகள் சாரா என்று எழுதியிருக்கிறது. 1269” என்றார். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது என்கிறார்கள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு தகப்பன் பெயரும் மகள் பெயரும் எழுநூற்றைம்பது ஆண்டு மழையில் நனைந்தும் அழியாமல் நிற்கின்றன. எனக்கும் ஒரு மகள்தான். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தறிக்குத் திரும்பினேன்.

மார்த்தாண்டத்திலிருந்து, இஸ்ரேலில் ஏழு ஆண்டு வேலை பார்த்த செவிலி

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நானும் எழுதிவிடுகிறேன்.

2014இல் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் போனேன். பேர்ஷெபா பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் நின்று எபிரேயத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வணக்கத்தைச் சொன்னேன். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நாட்டில் எவிடெயா மோளே?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊரில் தமிழோடு மலையாளமும் புழங்கும். அன்றிலிருந்து அவர் எனக்கு அம்மச்சி.

அவர் வடக்கு பரவூரில் பிறந்தவர். 1954இல், பதினான்கு வயதில், பெற்றோருடன் கப்பலேறியவர். கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் போய்விட்டார்கள். அவர்களைக் குடியேற்றிய ஊர்களில் ஒன்று நெவாட்டிம். மிளகுக்கொடியும் காயலும் பார்த்து வளர்ந்தவர்களைப் பாலைவனத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். “முதல் வருடம் அம்மா மழையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்” என்பார் அம்மச்சி.

அந்த வீட்டில் நான் முதலில் கற்றது சமையலறைச் சட்டம். பாலுக்குத் தனிப் பாத்திரம், இறைச்சிக்குத் தனிப் பாத்திரம். வந்த மூன்றாம் நாளே தயிர்க்கரண்டியைக் கறிச்சட்டியில் விட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை. கரண்டியைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. கறியில் பசும்பால் சேராதே தவிரத் தேங்காய்ப்பால் சேரும். அது பாலில் சேர்த்தி இல்லை. அதனால் அவர் வீட்டுக் கோழிக்கறி எங்கள் வீட்டுக் கோழிக்கறிபோலவே மணக்கும்.

வெள்ளி மாலை விளக்கேற்றுவார். ஏற்றிய பின் சுடரின் மேல் இரு கைகளையும் மெல்ல வளைத்துத் தன் பக்கம் இழுப்பதுபோலச் செய்து, கண்ணைப் பொத்திக்கொண்டு வாழ்த்துச் சொல்வார். அந்த நேரத்தில் அவர் கை நடுங்காது. மற்ற நேரமெல்லாம் நடுங்கும். மறுநாள் இரவு வரை சுவிட்சைத் தொட மாட்டார். என்னிடமும் விளக்கைப் போடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. “இருட்டாக இருக்கிறதே” என்பார். நான் புரிந்துகொள்வேன்.

பாஸ்கா பண்டிகை வந்தால் அரிசி. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பலர் அந்த நாட்களில் அரிசி தொடுவதில்லை. கேரளத்து யூதர்கள் சாப்பிடுவார்கள். ஆனால் அதில் ஒரு கோதுமை மணியும் கலந்திருக்கக் கூடாது, அது புளித்துவிடும், புளித்தது அந்த நாட்களில் ஆகாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும், மூன்று முறை. வெள்ளைத் துணியை விரித்துப் பிடி பிடியாகக் கொட்டி ஒதுக்குவார். என் பாட்டி முறத்தில் கல் பொறுக்குவாள், அதுவும் பொறுமையான வேலைதான். இது அதற்கும் மேல். முதல் இரண்டு முறைக்கு என்னையும் சேர்த்துக்கொள்வார். மூன்றாவது அவர் மட்டுமே. கண்ணில் புரை விழுந்த ஆண்டு, மூன்றாம் முறையும் துணியை என் பக்கம் நகர்த்தினார். “மோளே, நீ நோக்கு” என்றார். அவர் விரலால் தள்ளினார், நான் பார்த்தேன். நான் கிறிஸ்தவப் பெண். அவருடைய பாஸ்கா என் கண்ணை நம்பி இருந்தது. மூன்று மணி நேரம் இமைக்கவே பயமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். 2016இல் அவருடைய மகள் எங்களை எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். மட்டாஞ்சேரி கடவும்பாகம் சினகாக்கின் உட்புறத்தைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே போனதும் அம்மச்சி அண்ணாந்து மர விதானத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்வை இறங்கித் தோராப் பேழையில் நின்றது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். “கூரை மட்டாஞ்சேரிக்காரர்களுடையது. பேழை எங்களுடையது” என்றார். மகள் விளக்கப் பலகையைப் படித்தார். ஆமாம், பேழை பரவூர்ப் பள்ளியிலிருந்து வந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பெண்கள் மாடத்திலிருந்து மட்டுமே சிறுமியாய்ப் பார்த்த அந்த மரவேலையை அவர் கண்டுகொண்டார். இத்தனை கிட்டத்தில் அதைப் பார்த்ததே இல்லை என்றார். தொடக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அவர் கையை அதன் பக்கம் நீட்டி, அந்த விரல்களைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார்.

எர்ணாகுளத்திலிருந்து, வங்கி ஊழியர், சொந்த ஊர் தேனி

அருமையான பதிவுகள். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. அரசர்கள் அவர்களை நன்றாக நடத்தினார்கள், உண்மை. அவர்களுக்குள்ளேயே மேல் கீழ் இருந்ததும் உண்மை. பின்னாளில் வெளிநாடுகளிலிருந்து வந்த பரதேசிகள், முன்பே இங்கு வாழ்ந்த மலபாரிகள் என்ற பிரிவு நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்களுக்குப் பரதேசி சினகாக்கில் சமமான இடம் கிடையாது. இருக்கையில் உட்கார முடியாது, தரையிலோ முன்னறையிலோதான்.

என் வீட்டு உரிமையாளரின் நண்பர், மலபாரி யூதக் குடும்பத்து முதியவர், இதை என்னிடம் சொன்னபோது குரல் உயரவே இல்லை. “நாங்கள் ஒரே தோராவைப் படித்தோம்” என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் அவர் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதை எதிர்த்து நின்றவர் ஏ.பி. சேலம். சென்னையில் பட்டமும் சட்டமும் படித்தவர், கொச்சி சட்டமன்றத்தில் இருந்தவர், காந்தியைப் பின்பற்றியவர். தன் சினகாக்கிலேயே சத்தியாகிரகம் செய்தார். மெல்ல மெல்லத் தடைகள் விலகின. யூத காந்தி என்றே அவரை அழைத்தார்கள். ஆசிரியர் ஐயா உட்கார்ந்திருந்த அந்தத் தெருவுக்கு இப்போது அவருடைய பெயர்தான்.

செவிலி அம்மா சொன்ன கடவும்பாகத்தின் கட்டிடம் மட்டாஞ்சேரியிலேயே நின்றுவிட்டது. 2019 மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தெருவில் கிடந்தது. அதன் கூரை எருசலேமில் ஒரு பரவூர் அம்மாவின் தலைக்கு மேல் இருந்தது என்பது இன்றுதான் தெரிகிறது.

சென்னையிலிருந்து

நானும் ஒரு வரி. பாரிமுனைப் பக்கம் பவளக்காரத் தெருவில் இருபது ஆண்டு கடை வைத்திருந்தேன். 17ஆம் நூற்றாண்டில் பவளத்தைக் கொண்டுவந்து வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்களால் வந்த பெயர் அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்கள் என்ற நகர்மன்ற உறுப்பினர்களில் யூதர்களும் இருந்திருக்கிறார்கள். கடையை விற்ற பிறகுதான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பேன்.

மார்த்தாண்டத்திலிருந்து, செவிலி

அம்மச்சி எப்படி இருக்கிறார் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2021இல் காலமானார். நானும் ஊர் திரும்பிவிட்டேன். கத்தீஷ் சொல்லப் பத்துப் பேருக்குக் குறைவில்லை ஐயா. நெவாட்டிம் முழுக்க வந்திருந்தது. வாசலுக்கு வெளியேயும் நின்றார்கள்.

சென்ற பாஸ்காவுக்கு முந்தின வாரம் மகள் வீடியோவில் அழைத்தார். மேசையில் அதே வெள்ளைத் துணி. இரண்டு முறை பார்த்து முடித்துவிட்டாராம். தொலைபேசியை அரிசிக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, “நீயும் ஒருமுறை பார்” என்றார்.