புதுப்பிப்பு: தேய்ந்த பியூசரைப் பிரித்துச் சரிசெய்தால் கட்டுப்படியாகுமா?

ஜெராக்ஸ் மெஷினில் நகலின் உருவத்தை உண்டாக்கும் டிரம் யூனிட், டோனர் என்னும் மைத்தூளை இரண்டு ரோலருக்கு நடுவே சூட்டில் அழுத்திப் பேப்பரில் ஒட்டவைக்கும் பியூசர், இவை தேய்ந்தால் பிரித்து, உள்பாகங்களை மட்டும் மாற்றித் தருவது நம் நேரத்துக்குத் தகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மூன்று மெஷினில் செய்து பார்த்துவிட்டேன்.

டிரம் யூனிட்டைத் தாராளமாகச் செய்யலாம். அரை மணி நேர வேலை. டிரம்மில் மிஞ்சும் தூளை வழித்தெடுக்கும் புது பிளேடின் ஓரத்தில் டோனர் தூளைத் தொட்டுத் தடவி, டிரம்மை அது ஓடும் திசையிலேயே கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். வறண்ட பிளேடு மடங்கிக்கொண்டால் புது டிரம்மும் போய்விடும்.

பியூசர்தான் ஆளைத் தின்கிறது. மண்டபம் ஊரில் கடலை ஒட்டிய ஒரு கடை. உப்புக் காற்றில் ஸ்குரூ எல்லாம் துருவேறி, ஒன்றைக் கழற்றவே கால் மணி நேரம் ஆனது. மேல் ரோலரை மட்டும் மாற்றினேன். பத்தே நாளில் பேப்பர் கசங்கி வந்தது. போய்ப் பார்த்தால் கீழ் ரோலரின் ரப்பர் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, ரோலரின் முனையைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து இன்னொரு நடை. கூலி கேட்க மனசு வரவில்லை. "அண்ணே, பரீட்சை நேரத்துல கடையைத் திறந்து வெச்சுட்டு சும்மா உக்காந்திருக்கேன்" என்று அந்தக் கடைக்காரத் தம்பி சொன்னது இன்னும் உறுத்துகிறது.

இனி கடையில் வைத்து பியூசரைப் பிரிக்கமாட்டேன். அதிகம் வரும் மாடலுக்கு ஒரு யூனிட்டைத் தயாராக வைத்திருந்து மாட்டிவிட்டு, பழையதை வீட்டுக்குக் கொண்டுவருவேன். இரண்டு ரோலர், புஷ், பேப்பரைப் பிரிக்கும் நகங்கள் எல்லாம் சேர்த்தே மாற்றுவேன். ரோலரின் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரில் படிந்த டோனரையும் துடைத்துவிட வேண்டும். விட்டால் சூட்டைக் குறைவாகக் காட்டி ரோலரைக் காய்ச்சிவிடும்.