பவனா ஏரிக்கரை வீடு: டோக்கன் கொடுக்கும் முன் ஒரு சந்தேகம்

மும்பை செம்பூரிலிருந்து பவனா அணை ஏரிப் பக்கம், லோணாவாலா தாண்டி உள்ளே, ஒரு சின்ன காட்டேஜ் வாங்கி நிரந்தரமாகக் குடிபோகப் பார்க்கிறோம். நான், மனைவி, எழுபதைத் தாண்டிய மாமியார். எனக்கு வேலை வீட்டிலிருந்தே, எப்போதாவது தாதர் ஆபீஸ்.

வீடு பிடித்துவிட்டது, வாசலில் உட்கார்ந்தால் எதிரே திகோனா கோட்டை. ஆனால் சாத்-பாராவை (நம்மூர் பட்டா, சிட்டா மாதிரி நிலப் பதிவு) ஆன்லைனில் எடுத்துப் பார்த்தால் இன்னும் விவசாய நிலம் என்றுதான் இருக்கிறது, மகாராஷ்டிராவில் விவசாயி இல்லாதவர் அதை வாங்க 1948 குத்தகைச் சட்டம் கலெக்டர் அனுமதி இல்லாமல் விடாது. புரோக்கரோ "என்.ஏ. ஹோ ஜாயேகா சாப்" (விவசாயம் அல்லாத நிலமாக மாறிவிடும் சார்) என்று ஒரே பாட்டு, தீபாவளிக்குள் டோக்கன் வேண்டுமாம். தலாட்டியை, அதாவது கிராம நிலக் கணக்கு அதிகாரியை, தேடிப் போகும்போதெல்லாம் ஆபீஸ் பூட்டுதான். தெரிந்த வக்கீல், ஃபிளாட் பத்திரம்தான் தனக்குப் பழக்கம் என்று கைவிரித்துவிட்டார். அணைக்குக் கையகப்படுத்திய நிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுகிறார்கள்.

ஜூலையில் அங்கேயே வாடகைக்கு இருந்தும் பார்த்தோம். மேற்குச் சுவர் முழுக்க ஓதம், பெட்டியிலிருந்த பட்டுப்புடவை வரை பூஞ்சணம், கரண்ட் போனால் விடியும்வரை வராது. சரி, அதையெல்லாம் இன்வெர்ட்டர், பூச்சு என்று சமாளித்துக்கொள்ளலாம், மாமியாருக்கு அவசரம் என்றால் லோணாவாலா ஓடிவிடலாம்.

பவனா பக்கம் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: டோக்கன் பணம் கொடுக்கும் முன் எந்தெந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டீர்கள்?