ஒட்டாவாவில் சமூகவியல் முனைவர் பட்டம்: விண்ணப்பத்துக்கு உதவி தேவை

வணக்கம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் சமூகவியல் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். இருமொழிப் பல்கலைக்கழகம், ஆய்வேட்டை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதலாம். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். ஆனால் கருத்தரங்கில் எதிரே இருப்பவர் பிரெஞ்சில் பேசக்கூடும், வாசிக்க வேண்டியதும் இரண்டிலும் இருக்கும். அதனால்தான் இந்தக் கேள்விகள்.

முதலில் மொழிச் சான்று. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் பி2 (இடைநிலைக்கு மேற்பட்ட நிலை) சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. இன்னொரு பிரெஞ்சுத் தேர்வான டிசிஎஃப்பின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆகவே டெல்ஃப் எழுத நினைக்கிறேன். அதில் நூற்றுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஒவ்வொரு பகுதியிலும் 25க்கு 5 போதும். அதாவது வாசிப்பில் தடுமாறுபவரும் தேறிவிடலாம்! பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவைப் பிரெஞ்சு மூலத்தில் வாசிக்க இந்தச் சான்றிதழ் உத்தரவாதம் ஆகாது. கோட்பாட்டு நூல்களை வாசிக்க எப்படிப் பழகினீர்கள்?

அடுத்தது ஆய்வுத் திட்டம், எனக்கு முக்கியமானது இதுதான். தலைப்பு: முதியோர் பராமரிப்பில் வேலை செய்யும் புலம்பெயர்ந்த பெண்கள். என் நூற்பட்டியல் முழுக்க ஆங்கிலம். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கின் ஆய்வாளர்கள் பிரெஞ்சில் எழுதியதைத் தொடாமல் கனடாவைப் பற்றிப் பேசினால் பாதிப் படம்தான் கிடைக்கும். தேர்வுக்குழு அதைக் கவனிக்காமல் விடாது. இத்துறையில் பிரெஞ்சில் எங்கிருந்து தொடங்கலாம்?

மேற்பார்வையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் ஆய்வுக் கேள்வி, களம், முறை, அவருடைய ஆய்வோடு உள்ள தொடர்பு ஆகியவற்றை மட்டும் வைத்திருக்கிறேன். முழுத் திட்டத்தையும் இணைக்கலாமா, அவர் கேட்டபின் அனுப்பலாமா? அங்கே படித்தவர்கள் யாராவது வரைவைப் பார்த்துக் கடுமையாகவே திருத்தித் தந்தால் பேருதவி.